மாமி பூட்டின பிக்கப்

மச்சான்மாரே, மச்சாள்மாரே,

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட சிரிப்புகளை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யார் யார் போட்டது என்றும் பார்த்தேன்.

பெரிய மச்சானின் மகன் தான் புதுப்பித்த பழைய பிக்கப்பின் படத்தைப் போட்டிருந்தான். சனி ஞாயிறுகளில் ஆரையம்பதி வீட்டு வளவில் வைத்து, துருவைச் சுரண்டி, தகட்டை ஒட்டி, கடல் நீலத்தில் பெயின்ற் அடித்திருக்கிறான். அடுத்ததாக ஒரு பழைய வானை எடுத்து உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கப் போகிறானாம். நல்ல பொழுதுபோக்கு. அவனோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

படத்துக்குக் கீழே உங்களில் ஒருவர் எழுதினார்: "பிரேக்கைப் பாத்தியாடா? மாமி பூட்டின பிக்கப் மாதிரி ஆக்கிராத." அதற்குக் கீழே லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வரிசையாகச் சிரிப்பு.

நீங்கள் சொல்கிற அந்த மாமி, என் அம்மா, அப்போது என் பக்கத்தில்தான் இருந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, வண்டியின் முகப்பை நெடுநேரம் பார்த்தார். "கீழ என்ன எழுதியிரிக்காங்க?" என்று கேட்டார். நான் போனை அணைத்துவிட்டேன்.

எத்தனை வருடமாக இந்தப் பகிடி? கலியாண வீட்டில் ஒலிபெருக்கி கரகரத்தால், "மாமி பூட்டினதோ?" பிள்ளையின் சைக்கிள் சங்கிலி கழன்றால், "மாமியிட்டக் குடுத்தீங்களோ?" உங்களுக்குத் தெரிந்த கதை உங்கள் அப்பா, என் மாமா, சொன்னது. "தங்கச்சி வண்டியைக் கழற்றிப் பூட்டினாள், பிரேக் பிடிக்கவில்லை, என் கால் போனது." அவர் அதைக் காலை இழுத்து இழுத்து நடந்தபடி சொல்வார். அப்படி நடந்துகொண்டு சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

உங்களில் பலர் அப்போது பிறக்கவில்லை. பிறந்தவர்கள் அரைஞாண் கொடியோடு திரிந்தீர்கள். எனக்குப் பதினொரு வயது. நான் அந்தக் கதைக்குள் நின்றவள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். இந்த வயதில் பிரஷர் ஏறும் என்று எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். ஏறட்டும்.

அந்த வண்டி மாமாவுடையதுதான். அதை நான் மறுக்கவில்லை. கரடியனாற்றில் உங்கள் வயல் வட்டைக்குப் போகிற வழியில், காவல் வாடிக்குப் பின்னால் கிடந்தது. சில்லுகள் பாதி மண்ணுக்குள். சீற்றில் கோழிகள் முட்டையிட்டன. கதவைத் திறந்தால் எலி மூத்திரமும் ஊறிய தேங்காய்த் தும்பும் சேர்ந்து ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும். ஒருநாள் அறுவடைச் சோறு கொண்டுபோன இடத்தில் அம்மா அதன் எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, கோழிக்கூடு வேணுமோ?" என்றார் மாமா.

"தருவீங்களா அண்ணன்?"

"எடுத்துக்கிட்டுப் போ. எனக்கென்னத்துக்கு இந்த இரும்பு?"

"புறகு கேக்கப்படாது."

"குப்பையக் குடுத்துட்டு ஆராச்சும் திருப்பிக் கேப்பானா?"

இது சாப்பாட்டு நேரம். வேலைக்காரர் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கிழமை அந்தப் பிக்கப்பை உழவு மெசின் ஒன்று கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வளவில் பூவரசுக்குக் கீழே விட்டது.

அம்மாவுக்கு இரும்பென்றால் ஆசை. ஏன் என்று கேட்காதீர்கள். சிலருக்குப் பூக்கன்று, சிலருக்குச் சீட்டு. தையல் மெசினைக் கழற்றிப் பூட்டியிருந்தார், சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தார், அயல் வீட்டுத் தண்ணீர்ப் பம்பை அவர்கள் கேட்காமலேயே கழற்றி, பிறகு அவர்கள் கெஞ்ச, பூட்டிக் கொடுத்தார். அதில் உழைக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. நின்றுபோனது ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒன்று ஓடிவிட்டால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னப் போல ஆருக்குக் கா வரும்?" என்று வளவு கேட்கச் சொல்வார். அடக்கமான மனுசி என்று யாரும் அவரை அப்போது சொன்னதில்லை.

கச்சான் காற்று அடிக்கிற காலம். வாவியில் தண்ணீர் வற்றி, சேற்று மணமும் காய்கிற மீனின் மணமும் பகலெல்லாம் வீட்டுக்குள் வரும். அம்மா விடியச் சமைத்து முடித்து, அப்பாவின் பழைய நீளக் காற்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்விடுவார். கீழே இருந்து காலிரண்டும் மட்டும் தெரியும். இறுகின நட்டு ஒன்று அசையாவிட்டால், எங்கள் காதைப் பொத்த வைக்கிற பேச்செல்லாம் அங்கிருந்து வரும். அந்த நாட்களில் அவரைக் கட்டிப்பிடித்தால் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கும். எனக்கு இப்போதும் பெற்றோல் செட்டில் நிற்கும்போது அம்மாவின் ஞாபகம்தான் வருகிறது.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளுக்குள் எண்ணெயை ஊற்றி ஊறப் போட்டார். ஒவ்வொரு நாளும் எங்களைக் கூப்பிட்டு வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டச் சொல்வார். ஒன்றும் அசையாது. ஒருநாள் 'கிளுக்' என்று ஒரு சத்தம். அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்.

பெற்றோல் தாங்கிக்குள் ஒரே துரு. வாவிக்கரையில் இருந்து மட்டிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளி வந்து உள்ளே கொட்டி, மூடியை இறுக்கி, நானும் தம்பியும் அதை வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை நெடுக உருட்டினோம். சலசலவென்று அது போட்ட சத்தத்தில் தூங்குகிற பிள்ளைகள் எழும்பி அழுதன. வெளியே கொட்டியபோது சிப்பியெல்லாம் செங்கட்டித் தூள் நிறத்தில் வந்தது. உள்ளே தகடு பளிச்சென்று இருந்தது.

கதவுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு சின்னக் கை இருந்தது. திரும்பும்போது அது செம்மஞ்சள் நிறத்தில் வெளியே நீளும். இப்போதுள்ள வண்டிகளில் அப்படி ஒன்று இல்லை. அம்மா அதைச் சரியாக்கின அன்று தம்பியைச் சோறு தின்ன வைக்க முடியவில்லை. கை வெளியே வரும், உள்ளே போகும், அவன் அதற்கு வணக்கம் சொல்வான்.

சாமான் எல்லாம் காத்தான்குடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினோம். அந்தக் கடைக்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதல்நாள், "மெக்கானிக்க அனுப்புங்க தங்கச்சி, உங்களுக்கு இதுகள் விளங்காது" என்றார். அம்மா, "வந்துதான் நிக்கிறன்" என்றார். காக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்களுக்குப் பிளேன்ரீ கொடுக்காமல் அனுப்பியதில்லை.

அப்பாவையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். சத்தம் போடாத மனிதர். அம்மாவின் வேலையை முதலில் ஒரு வேடிக்கை போலப் பார்த்தார். பிறகு கந்தோர் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினார். காட்டும்போது, "நாங்க திருத்துறம்" என்று சொன்னார். அந்த 'நாங்க' எனக்கு அப்போது விளங்கவில்லை.

எஞ்சின் ஸ்டாட் ஆனது ஒரு பின்னேரம். அம்மா முன்னால் கம்பியைச் செருகி, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு சுழற்றினார். இருமியது. மறுபடி சுழற்றினார். நீலப் புகையைக் கக்கிக்கொண்டு அது நடுங்கத் தொடங்கியது. மரத்தில் இருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின. அம்மா ஓடிப்போய் ஏறி, வளவுக்குள்ளேயே வேலிவரை ஓட்டினார். நிறுத்துவதற்காக என்னை ஒரு மரக்கட்டையைச் சில்லுக்கு முன்னால் போடச் சொன்னார்.

ஏனென்றால் பிரேக் இருக்கவில்லை. பின் சில்லுகளுக்குள் இருக்கிற ரப்பர்கள் உக்கிப் போயிருந்தன. காலை வைத்தால் எண்ணெய் கசிந்து ஒழுகும். காக்கா கொழும்புக்குச் சொல்லி விட்டிருந்தார். இன்னும் வரவில்லை. "அது வந்தாத்தான் தெருவில இறக்குவன்" என்று கேட்டவர்கள் எல்லோரிடமும் அம்மா சொன்னார். எல்லோரிடமும்.

சிறுபோக அறுவடை வந்தது. மாமாவின் உழவு மெசின் பழுதாகிப் படுத்துவிட்டது. நெல் மூட்டைகள் வட்டையில் கிடந்தன. ஒரு காலை மாமா எங்கள் வளவுக்கு வந்து பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூடியில் தட்டிப் பார்த்தார்.

"ஓடுதாமே. இண்டைக்கு நெல் ஏத்த எடுக்கப் போறன்" என்றார்.

"அண்ணன், பிரேக் இல்ல. ரப்பர் வரல்ல."

"ஹேண்ட் பிரேக் இரிக்குதானே?"

"மூட்டைப் பாரத்துக்கு அது நிக்காது. நான் குடுக்கமாட்டன்."

"என்ட வண்டிய எனக்குக் குடுக்கமாட்டியா?"

"நீங்க எனக்குத் தந்த வண்டி."

மாமா அம்மாவை விட்டுவிட்டு வாசலில் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மச்சான், வீட்டில ஆருட ஆட்சி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அப்பா இறங்கி வந்து வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினார். "திறப்பத் தா."

"இஞ்சேருங்க, பிரேக் இல்லெண்டு சொல்றன். குளக்கட்டால இறங்கேக்க நிக்காது. உங்களுக்கும் தெரியும்தானே, நேத்தும் காட்டினன்தானே?"

"அண்ணன் கேக்கார். தா."

அம்மா திறப்பைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார். அப்பா, சத்தம் போடாத அந்த மனிதர், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் திறப்பை எடுத்தார். கிரீஸ் கறுப்பு ஏறிய விரல்கள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அம்மா கத்தவில்லை. "நிக்காது" என்று மட்டும் திரும்பவும் சொன்னார். மாமா அதற்குள் பக்கத்துச் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இதை நன்றாக வாசியுங்கள். உங்கள் அப்பாவுக்கும் கேட்டது. என் அப்பாவுக்கும் கேட்டது.

போகும்போது வெறும் வண்டி, எப்படியோ போய்ச் சேர்ந்தது. வரும்போது மூட்டைகளை அடுக்கி, மாமா மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார். அப்பா ஓட்டினார். அம்மா சொன்ன அதே குளக்கட்டுச் சரிவில் அது நிற்கவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போய்க் கவிழ்ந்தது. மாமாவின் கால் மூட்டைகளுக்கும் தகட்டுக்கும் இடையில் நசிந்தது. அப்பாவுக்குக் கன்னத்தில் ஒரு கீறல்.

மாமாவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்பா வாடகைக் காரில் வந்து இறங்கினபோது ஒழுங்கை முழுக்கச் சனம். மாமி, உங்கள் அம்மா, தலையை விரித்துப்போட்டு அழுதுகொண்டிருந்தார். நம் ஒழுங்கையில் ஒரு கிழவர், பெயர் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "பிரேக் இல்லாத வண்டிய என்னெண்டு மனே கொண்டு போன நீ?"

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் சரி பண்ணிட்டன் எண்டு மனிசிதான் சொன்னவ."

சனம் அப்படியே அம்மா பக்கம் திரும்பியது. என்னால்தான் தாங்க முடியவில்லை. "பொய்! அம்மா வேணாமெண்டவ! நீங்கதான் அம்மாட விரல..." என்று நான் கத்தினேன். முடிக்கவில்லை. அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை அடித்ததில்லை. ஒழுங்கையில் ஒருவர் சொன்னார், "தாயப் போல வாய்." மாமி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் வேலிப் படலையில் எறிந்தார்.

"நான் அப்படிச் சொல்லல்ல" என்றார் அம்மா. ஒருமுறைதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை சொன்னதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதரும் சொன்னார். அது உங்களுக்குத் தெரியாது. தெரியவிடவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு இரும்புக் கடைக் காக்கா சைக்கிளில் வந்தார். கொழும்பில் இருந்து ரப்பர் வந்திருந்தது. கடதாசியில் சுற்றிக்கொண்டு சந்தோசமாக வந்தவர், பூவரசுக்குக் கீழே வெறும் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். அம்மா சொன்னார். காக்கா திரும்பவும் சைக்கிளில் ஏறி நேரே உங்கள் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

மாமா காலில் கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். அப்பாவும் அங்கேதான் இருந்தார். காக்கா வாசலில் நின்றபடியே மாமாவிடம் சொன்னார்: "போடியார், அல்லாஹ் அறிய நான் சொல்றன். அந்தத் தங்கச்சி ரப்பர் வந்திட்டா வந்திட்டா எண்டு என்ட கடைக்கு நடையா நடந்தவ. அது இல்லாம வண்டி நிக்காதெண்டு அவவுக்கு நல்லாத் தெரியும். அவட தலையில பழியப் போடாதீங்க."

மாமா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது எங்கட குடும்ப விசயம். நீங்க போங்க" என்றார்.

காக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா எழும்பி உள்ளே தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரவேயில்லை. காக்கா என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மாமாவின் கால் பொருந்த மாதக் கணக்கானது. அந்த மாதமெல்லாம் அம்மா உங்கள் வீட்டுக்குச் சோறு சுமந்தார். மாமி வாங்கி வைப்பார், பேசமாட்டார். வாய்க்காலில் கிடந்த பிக்கப்பை மாமா ஒரு லொறிக்காரனுக்கு இரும்பாகக் கொடுத்துவிட்டார். அம்மாவின் ஸ்பானர்களையும் குறடுகளையும் அப்பா ஒரு சாக்கில் கட்டி யாருக்கோ 'இரவல்' கொடுத்தார். அவை திரும்பவில்லை. நான் அழுதேன். அம்மா அழவில்லை. அடுத்த வருடம் தையல் மெசினில் நூல் இறுகியபோது, அம்மா அதை ஒரு துணியில் சுற்றி, டவுனில் ஒரு திருத்துகிற கடைக்குக் கொண்டு போகச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த மனுசி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. அப்பா மேல் மட்டுமல்ல. அந்தச் சோற்றை மூன்று நேரமும் தின்றவர் மேலும்தான்.

இடையில் வந்த வருடங்களில் நாம் எல்லோரும் இழந்தோம், ஓடினோம், திரும்பி வந்தோம். வீடு எரிந்தவர்கள் இருக்கிறோம். ஆனால் பாருங்கள், எதெதுவோ அழிந்தும் 'மாமி பூட்டின பிக்கப்' அழியவில்லை. கடல் கடந்தும் கொண்டு போயிருக்கிறீர்கள்.

அப்பா கடைசிக் காலத்தில் சுகமில்லாமல் இருந்தார். ஒருநாள் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"அண்டைக்கு நீ சொன்னதான். நான்தான் மாத்திச் சொன்னன். சனத்துக்கு முன்னால எனக்கு வெக்கமாப் போச்சு. மனசில வெச்சிக்காத" என்றார்.

அம்மா கத்தியை வைக்கவில்லை. "தெருவில சொன்னத ஏன் குசினியில வந்து மாத்துறீங்க?" என்று கேட்டார். "தெருவில போய்ச் சொல்லுங்க. அண்ணனும் இரிக்கார், அந்தச் சனமும் பாதி இரிக்கி. இப்பவும் போய்ச் சொல்லலாம்."

அப்பா படலைவரை போனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தார். உங்கள் வீட்டு வாசலில் மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். கூப்பிடு தூரம். அப்பா திரும்பி வந்து படுத்துக்கொண்டார். அந்த வருடமே போய்விட்டார். அடுத்து மாமாவும் போனார். தன் காலைக் கெடுத்தது யாரென்று கடைசிவரை தெரிந்துகொண்டே, தெரியாதவர் போலப் போனார்.

அப்பா நல்லவர் என்று சொல்வீர்கள். என்னைப் படிப்பித்தார், குடித்ததில்லை, ஒருவருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. எல்லாம் சரி. ஒரு வசனத்தில் ஒரு மனுசியின் கையைக் கட்டிப்போட்டார், அவிழ்க்க வாய்ப்பிருந்தும் அவிழ்க்கவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். நான் இரண்டையும் சுமந்துகொண்டுதான் அவருக்குத் திவசம் கொடுக்கிறேன்.

இப்போது நமக்குத் தெருவென்றால் இந்தக் குழுதான். ஒழுங்கைச் சனம் எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. அதனால் இதை இங்கே போடுகிறேன். பிடிக்காதவர்கள் குழுவை விட்டுப் போகலாம். ஆனால் இனி யாராவது அந்தப் பகிடியை எழுதினால், அவர் தெரியாமல் எழுதினார் என்று நான் எடுக்கமாட்டேன்.

போடுவதற்கு முன் இன்று காலை அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். உங்கள் சிரிப்புகளையும் சேர்த்துத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குளக்கட்டு வந்த இடத்தில் மட்டும் ஒரு பெருமூச்சு.

வாசித்து முடித்த பிறகு எனக்கே மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, அப்பாட பகுதிய மட்டும் எடுத்துடவா? செத்த மனிசன்" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"ஒரு சொல்லும் எடுக்காத. போடு" என்றார்.